நிரம்பிய உண்டியலை என்ன செய்வது?

கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது; கணவர் வாடகை வேன் ஓட்டுகிறார். மாலையில் வீட்டுக்கு வந்து சேரும் சில்லறையை மூன்று ஆண்டுகளாக மண் உண்டியலில் போட்டு வருகிறார். இரண்டு உண்டியல்கள் நிரம்பிவிட்டன. மூன்றாவது பாதி நிரம்பியிருக்கிறது. இது சேமிப்புதானா, பணத்தை வீணாக முடக்கி வைத்திருக்கிறேனா என்பது அவருடைய முதல் கேள்வி. கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கிறார்களே, வங்கியில் வாங்குவார்களா என்பது இரண்டாவது. மாமியார் விட்டுச் சென்ற பழைய காசுகள் இலட்சக்கணக்கில் விலை போகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறாரே, உண்மையா என்பது மூன்றாவது. ஏழு வயதில் ஒரு மகள் இருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறார். நீலகிரியின் வங்கிக் கிளைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காசாளராக இருந்து, எத்தனையோ வீடுகளின் சில்லறையை என் கையால் எண்ணியவன் என்ற முறையில் என்னால் இயன்ற அளவு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

சகோதரி, உண்டியலை நிரப்பும் வேலையை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகள் விடாமல் ஒரு பழக்கத்தைக் காப்பாற்றுவது எளிதன்று. பெரும்பாலான வீடுகளில் உண்டியல் வாங்கிய இரண்டாம் மாதமே அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. ஆனால் நிரம்பிய உண்டியலை எந்த நாளில் திறப்பது, திறந்த பணத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற இரண்டையும் நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. நான் பார்த்த வரையில் சில்லறைச் சேமிப்பு கெட்டுப்போவது எப்போதும் இந்த இடத்தில்தான். போடுவதற்கு ஒழுங்கு இருக்கும், எடுப்பதற்கு இருக்காது. ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதி எடுப்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் உங்களிடம் எவ்வளவு இருக்கக்கூடும் என்று பார்ப்போம். உண்டியலை உடைக்காமலே இதை ஓரளவு கணிக்கலாம். 2011ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம் எடையுள்ளது. இரண்டு ரூபாய் 4.85 கிராம், ஐந்து ரூபாய் 6 கிராம். இரு உலோகத்தாலான பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம். அதாவது ஒரு கிலோ ஒரு ரூபாய் நாணயங்களின் மதிப்பு ஏறத்தாழ 264 ரூபாய்தான். ஒரு கிலோ ஐந்து ரூபாய் நாணயங்கள் ஏறத்தாழ 830 ரூபாய். ஒரு கிலோ பத்து ரூபாய் நாணயங்கள் ஏறத்தாழ 1,300 ரூபாய். உண்டியலைத் தூக்கிப் பார்த்து "நல்ல கனம்" என்று மகிழ்கிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாக நிரம்பிய உண்டியல் கனக்கும், ஆனால் எண்ணினால் ஏமாற்றம் தரும். நாளொன்றுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 300, ஆண்டுக்கு 3,650 ரூபாய். எனவே சில்லறையில் ஐந்து, பத்து, இருபது ரூபாய் நாணயங்களை உண்டியலுக்கென்று ஒதுக்கி, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்களைக் கைப்பையில் வைத்து அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்துங்கள். உண்டியல் மெதுவாக நிரம்பும். திறக்கும் நாளில் எண்ணுவதும் சுமப்பதும் பாதியாகக் குறையும். பேருந்து நடத்துநருக்கும் கடைக்காரருக்கும் வேண்டிய சில்லறை ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி, முடக்கம் என்ற உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். உண்டியலில் இருக்கும் பணத்துக்கு வட்டி இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த இழப்பை மிகைப்படுத்திச் சொல்லி உங்களை அச்சுறுத்த நான் விரும்பவில்லை. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு. ஓர் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக 3,650 ரூபாய் சேர்க்கிறவருக்கு, அதே பணத்தை அவ்வப்போது அந்தக் கணக்கில் போட்டிருந்தால் அந்த ஓராண்டில் கிடைத்திருக்கக்கூடிய வட்டி எழுபது ரூபாய்க்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். அந்த எழுபது ரூபாய்க்காக எவரும் உறக்கம் இழக்க வேண்டியதில்லை. உண்மையான இழப்பு வேறு வழியில் நேர்கிறது. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பணம் கரைந்துவிடும்.

நம் மலையில் அது கரையும் காலமும் ஏறக்குறைய நிலையானது. கொழுந்து வரத்து நன்றாக இருக்கும் மாதங்களில் உண்டியலைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. டிசம்பர் முடிந்து உறைபனி விழத் தொடங்கிவிட்டால், தாழ்வான இடங்களிலுள்ள செடிகள் கருகி, பறிக்க இலை இல்லாமல் போய்விடும். தொழிற்சாலையில் இலைப் பணம் வருவது அடுத்த மாதத்தில் என்பதால், பனியின் அடி நம் கைக்கு வந்து சேருவது பிப்ரவரியில், மார்ச்சில். அப்போது எரிவாயு உருளைக்கு ஐந்நூறு, மருந்துக்கு இருநூறு என்று உண்டியலின் வாயில் கத்தி முனையை விட்டு நாணயங்களை உருவும் வேலை தொடங்கும். அப்படி எடுப்பதில் தவறில்லை; அந்த நெருக்கடிக்காகத்தான் பணம். ஆனால் எவ்வளவு எடுத்தோம் என்ற கணக்கு இராது. அதற்குப் பிறகு ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சீருடைக்கும் குறிப்பேட்டுக்கும் வெளியில் கடன் வாங்க நேரும். ஆகவே மலைவாழ் குடும்பங்களுக்கு நான் சொல்லும் யோசனை, உண்டியலை ஆண்டுக்கு இரண்டு முறை, குறித்த நாளில் திறந்துவிடுங்கள் என்பதுதான். ஒன்று நவம்பர் இறுதி, பனிக்கு முன்பு. மற்றொன்று மே மாத இறுதி, பள்ளிக்கு முன்பு. இரண்டு நாட்களையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். திறந்த பணத்தில் ஒரு பகுதியை அந்தப் பருவத்தின் செலவுக்கென்று எழுதி வைத்து எடுத்துக்கொள்ளலாம்; மீதி வீட்டைவிட்டு வெளியேறி, உங்கள் பெயரிலுள்ள கணக்குக்குப் போக வேண்டும்.

உங்கள் பெயரிலுள்ள கணக்கு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பாட்டிமார்கள் சிறுவாடு என்று சொன்னார்களே, அந்தப் பணம் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் அரிசிப் பானையின் அடியிலும் சேலை மடிப்பிலும் இருந்தது. அது குடும்பத்தின் கடைசி அரண். எத்தனையோ வீடுகளில் மருத்துவச் செலவையும் மகளின் கல்விக் கட்டணத்தையும் அதுதான் தாங்கியது. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அந்தச் சிறுவாடு முழுவதும் ஒரே வாரத்தில் வெளியே வர வேண்டியதாயிற்று. எண்ணிக்கையை அறிந்தவர் தான் ஒருவர் மட்டுமே என்றிருந்த பெண்கள், கணவர் முன்பும் மகன் முன்பும் அதை எடுத்து வைத்ததையும், மாற்றி வந்த பணம் மீண்டும் அவர்கள் கைக்கு வராமல் போனதையும் நான் கண்ணால் கண்டேன். நாணயங்களுக்கு அந்த அறிவிப்பால் எந்தக் கேடும் நேரவில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் சேமிப்பு அவருடைய பெயரிலேயே, அவருடைய கையெழுத்திலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் எனக்குள் உறுதிப்பட்டது. 2014 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ஜன் தன் திட்டத்தில் குறைந்தபட்ச இருப்பு இல்லாமலே கணக்கு வைத்திருக்கலாம். உங்களுக்கு அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கக்கூடும். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஆனால் உண்டியல் பணத்துக்கு மிகப் பொருத்தமான இடமாக நான் கருதுவது அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கு. ஆர்.டி. என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். மாதம் குறைந்தது 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்குகளில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம்; காலம் ஐந்து ஆண்டுகள், அதாவது 60 தவணைகள். 2023 அக்டோபரில் இதன் வட்டி 6.7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதத்தில் மாதம் 300 ரூபாய் கட்டினால், ஐந்து ஆண்டுகளில் நீங்கள் போட்ட 18,000 ரூபாய் ஏறத்தாழ 21,410 ரூபாயாக வளர்ந்திருக்கும். வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மறு ஆய்வு செய்கிறது. நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள விகிதமே உங்கள் ஐந்து ஆண்டுகளுக்கும் பொருந்தும். தொடங்கும்போது அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் உண்டியல் வைத்திருப்பவர்களுக்கென்றே அமைந்தது போன்ற ஒரு விதி இருக்கிறது. பலர் அதை அறிவதில்லை. தவணைகளை மாதந்தோறும்தான் கட்ட வேண்டும் என்பதில்லை, முன்கூட்டியும் கட்டலாம். ஆறு தவணைகளைச் சேர்த்து முன்னதாகக் கட்டினால், மாதத் தவணை 100 ரூபாய்க்கு 10 ரூபாய் வீதம் தள்ளுபடி உண்டு. பன்னிரண்டு தவணைகளைச் சேர்த்துக் கட்டினால் 40 ரூபாய். உங்கள் தவணை 300 ரூபாய் என்றால், மே மாத இறுதியில் உண்டியலைத் திறந்து ஆறு மாதத்துக்கான 1,800 ரூபாயைக் கட்டும்போது 30 ரூபாய் மிச்சமாகும். நவம்பரில் மறுபடியும் அப்படியே. மாதாமாதம் சாலை வரை நடந்து, பேருந்து பிடித்து, ஒரு நாள் கூலியை இழந்து அஞ்சலகத்துக்குப் போகும் அலைச்சலும் இல்லை. ஓராண்டு ஆகி, பன்னிரண்டு தவணைகளும் கட்டியிருந்தால், இருப்பில் பாதி வரை கடனாகப் பெறலாம். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முன்கூட்டியே முடித்துக்கொள்ளவும் வழியுண்டு, ஆனால் அப்போது சேமிப்புக் கணக்கின் வட்டி மட்டுமே கிடைக்கும். தவணை தவறினால் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மாதம் 1 ரூபாய் தண்டம். தொடர்ந்து நான்கு தவணைகளுக்கு மேல் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகையால் உங்களால் எளிதில் சேரக்கூடிய தொகையைவிடச் சற்றுக் குறைவாகவே தவணையை வைத்துக்கொள்வது நல்லது. நாளுக்குப் பத்து ரூபாய் சேர்கிறதென்றால் 300க்குப் பதில் 250 ரூபாய்க்குத் தொடங்குங்கள். உறைபனிக் காலத்தில் அந்த ஐம்பது ரூபாய் இடைவெளி உங்களைக் காப்பாற்றும்.

இப்போது வங்கியில் சில்லறை வாங்குவார்களா என்ற கேள்விக்கு வருவோம். வாங்க வேண்டும். வங்கிக் கிளைகள் எல்லா மதிப்பிலான நாணயங்களையும் மாற்றிக் கொடுக்கவும் கணக்கில் வரவு வைக்கவும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவுறுத்தியிருக்கிறது. மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முப்பது நாட்களுக்குள் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம். ஆனால் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் என்பதால், அந்தப் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். ஒரு முறை, ஓய்வூதியம் வழங்கும் நாளில், நல்ல மழையில், ஒரு மூதாட்டி துணிப்பையில் கலப்புச் சில்லறையைக் கொண்டுவந்தார். வரிசை வாசல் வரை நின்றது. நாளை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அவர் மறுநாளும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அவரைத் திருப்பி அனுப்பியது தவறு. அந்த வரிசையைச் சற்று நிறுத்தி வைத்தாவது நாங்கள் அதை வாங்கியிருக்க வேண்டும். அந்த நிகழ்வுக்குப் பிறகு எவரையும் நான் சில்லறைக்காகத் திருப்பி அனுப்பியதில்லை.

உங்களுக்கு அப்படி நேராமலிருக்க இரண்டு மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். மாதத்தின் முதல் வாரத்தையும் சந்தை நாளையும் தவிர்த்துவிட்டு, முற்பகலில் செல்லுங்கள். நாணயங்களை மதிப்பு வாரியாகப் பிரித்து, நூறு நூறாக எண்ணிச் சிறிய பிளாஸ்டிக் பைகளில் கட்டிக்கொண்டு போங்கள். நூறு நாணயங்கள் கொண்ட பைகளாக வாங்கிக்கொள்வது வசதியானது என்று ரிசர்வ் வங்கியே தன் அறிவுறுத்தலில் குறிப்பிட்டிருக்கிறது. ஒவ்வொரு பைக்குள்ளும் மதிப்பும் எண்ணிக்கையும் எழுதிய துண்டுச் சீட்டைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுபோகாமல், முறைக்கு ஆயிரம் ரூபாய் அளவில் பிரித்துக்கொண்டால் அவர்களுக்கும் எளிது, உங்களுக்கும் சுமை குறைவு.

பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. அளவை வைத்துப் பிரிக்காதீர்கள்; முகத்தைப் பார்த்துப் பிரியுங்கள். 2011க்கு முன்பு வந்த துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாய் நாணயமும், 2011 வரிசையின் இரண்டு ரூபாய் நாணயமும் ஒரே விட்டம், 25 மில்லிமீட்டர். ஒரே எடை, 4.85 கிராம். அடுக்கி வைத்தாலும் தராசில் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. காசாளர்களே ஏமாந்த நாணயங்கள் இவை. மாலை வெளிச்சத்தில், மங்கிய விளக்கின் கீழ் எண்ணாமல், பகலில் வாசலில் உட்கார்ந்து எண்ணுங்கள். மகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கண் கூர்மை, அதோடு நூறு வரை எண்ணுவதற்கும் ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கும் இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் போவதற்கு முன் இன்னொரு வழியையும் முயன்று பாருங்கள். உங்கள் ஊர் மளிகைக் கடைக்காரரிடமோ பேக்கரியிலோ கேட்டால், ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை பெற்றுக்கொண்டு தாள் கொடுக்க அவர்கள் மகிழ்ச்சியோடு முன்வருவார்கள். சுற்றுலாப் பருவத்தில், ஏப்ரல், மே மாதங்களில், தேநீரும் வர்க்கியும் விற்கிற கடைகளுக்குச் சில்லறைதான் பெரிய தட்டுப்பாடு. மே இறுதியில் உண்டியலைத் திறக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பத்து ரூபாய் நாணயத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக ஒரு வீண் வதந்தி நிலவுகிறது. ரூபாய்க் குறியீடு இல்லாதது போலி, பத்துக் கோடுகள் இருந்தால்தான் அசல் என்றெல்லாம் சொல்கிறார்கள். அந்தக் குறியீடே 2010 ஜூலையில்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கு முன் அச்சான நாணயங்களில் அது எப்படி இருக்கும்? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவிப்பில், அதுவரை பதினான்கு வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருப்பதாகவும், அனைத்தும் செல்லும் என்றும் தெளிவுபடுத்தியது. 14440 என்ற எண்ணை அழைத்தால் இதைப் பற்றிய விளக்கத்தை அவர்களே சொல்கிறார்கள். கடைக்காரர் மறுத்தால் சண்டை வேண்டாம். அவர் தன்னிடமிருந்து அடுத்தவர் வாங்கமாட்டார் என்ற அச்சத்தில்தான் மறுக்கிறார். நீங்கள் அவற்றை உண்டியலுக்கு அனுப்பிவிடுங்கள். நூறு நாணயங்கள் சேர்ந்தால் ஆயிரம் ரூபாய், எடை முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். கவுண்டரில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு இதைவிட வசதியான நாணயம் இல்லை. கடைகள் வேண்டாம் என்று தள்ளும் நாணயமே உங்கள் சேமிப்பை விரைவாக வளர்க்கும். சட்டத்தில் ஒரு வரம்பு மட்டும் உண்டு: 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு கொடுக்கல் வாங்கலில் ஆயிரம் ரூபாய் வரைதான் சட்டப்படி செல்லுபடியாகும் பணம், ஐம்பது காசு நாணயம் பத்து ரூபாய் வரை. அதற்கு மேல் சில்லறையாகக் கொடுத்தால் கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லலாம்.

மாமியாருடைய பழைய காசுகளைப் பற்றி மிகுந்த அக்கறையோடு ஒன்று சொல்கிறேன்: இலட்சம் தருகிறோம் என்று கைப்பேசியில் வரும் எந்த அழைப்பையும் நம்பாதீர்கள். பழைய நாணயத்தை வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், பிறகு வரி கட்டுங்கள் என்று சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டங்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தியதால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கி வெளிப்படையாக எச்சரிக்கை விட நேர்ந்தது. தாங்கள் இத்தகைய எந்தப் பரிமாற்றத்திலும் ஈடுபடுவதில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று அதில் கூறியது. பழைய காசுகளில் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் இறுதியோடு புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. ஐம்பது காசு இன்றும் செல்லும். 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தைய அணா, காலணாக் காசுகள் இருந்தால், மாமியாரின் நினைவாக ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். நாணயம் சேகரிப்பவர்கள் தேய்த்த காசை விரும்புவதில்லை. அவற்றில் வெள்ளிக் காசு ஏதேனும் இருந்தால் மட்டும், நேரில், நம்பிக்கையான நகைக்கடையில் உரசிப் பார்த்து மதிப்புக் கேளுங்கள். நாணயங்களை உருக்குவது சட்டப்படி குற்றம் என்பதால், புழக்கத்திலுள்ள நாணயங்களை உலோக விலைக்கு வாங்குகிறோம் என்று வருகிறவர்களிடமும் ஒதுங்கியே இருங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் சேமிப்புச் சில்லறையோடு வேண்டுதல் காசும் கலந்துவிடுவதைப் பார்க்கிறேன். பழனிக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்ததும், ஹெத்தையம்மன் திருவிழாவுக்கென்று எடுத்து வைத்த காணிக்கையும் உண்டியலுக்குள் போகக் கூடாது. பிறகு கணக்குப் பார்க்கும்போது எது தெய்வத்துக்கு, எது பிள்ளைக்கு என்ற மனக்கலக்கம் வரும். அவற்றுக்குத் தனி இடம் வையுங்கள்.

உண்டியலின் வகையைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. உடைத்தால்தான் திறக்க முடியும் என்பதால் மண் உண்டியல் நல்லது. தகர டப்பா நம் ஈரப்பதத்தில் ஓரிரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து நாணயங்களில் கறை ஏற்றும். எதில் போட்டாலும் உப்புச் சாடிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் அருகில் வைக்காதீர்கள், ரூபாய்த் தாள்களை அதற்குள் மடித்துத் திணிக்காதீர்கள். மழைக்காலத்தில் அவை பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு மாற்றத்தையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். 2016இல் யுபிஐ வந்த பிறகு, காய்கறிக் கடையிலும் பெட்டிக்கடையிலும் கைப்பேசியால் பணம் செலுத்தும் வழக்கம் பெருகிவிட்டதால், வீட்டுக்கு வரும் மிச்சச் சில்லறை குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் முதல் உண்டியலைவிட மூன்றாவது மெதுவாக நிரம்புவதற்கு இது காரணமாக இருக்கக்கூடும். இதற்கு ஒரு மாற்று உண்டு. கைப்பேசியில் 47 ரூபாய் செலுத்தினால், 50க்கு மிச்சமான 3 ரூபாயை அன்று மாலை உண்டியலில் போடுங்கள். 184 செலுத்தினால் 190க்கு மிச்சமான 6 ரூபாயை. கடைக்காரர் திருப்பித் தந்திருக்கக்கூடிய சில்லறையை நீங்களே உங்களுக்குத் தருவது போன்ற ஏற்பாடு இது. அதற்குரிய நாணயங்கள் கையில் இல்லாத நாளில் ஒரு தாளில் குறித்து வைத்து, வார இறுதியில் மொத்தமாகப் போட்டுவிடலாம். கணவருடைய வேன் வாடகையும் கைப்பேசிக்கே வருகிறதென்றால், அவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குத் தனியாகச் சிறிய உண்டியல் ஒன்று கொடுங்கள். முதல் வாரம் ஒரு ரூபாய், இரண்டாம் வாரம் இரண்டு ரூபாய், மூன்றாம் வாரம் மூன்று என்று வாரத்துக்கு ஒரு ரூபாய் கூட்டிக்கொண்டே போனால், 52 வாரங்களில் 1,378 ரூபாய் சேரும். கூடிக்கொண்டே போவதைக் குழந்தை கண்ணால் காண்பாள். அவளுடைய உண்டியலிலிருந்து அவசரத்துக்கு எடுக்க நேர்ந்தால், அவளிடம் சொல்லி எடுத்து, சொன்ன நாளில் திருப்பி வையுங்கள். பத்து வயது நிறைவதற்கு முன் அவள் பெயரில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் கணக்குத் தொடங்க உங்களுக்கு இன்னும் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தாலும், அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே அந்தக் கணக்கு உயிரோடு இருக்கும். 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 விழுக்காடாக உயர்ந்தது, சிறுசேமிப்புகளில் இதுவே உயர்ந்த வரிசையில் இருப்பது. பதினைந்து ஆண்டுகள் கட்ட வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பிறகு மேற்படிப்புக்கு ஒரு பகுதியை எடுக்கலாம். குழந்தையின் உண்டியலில் சேரும் பணம் இதற்குப் போனால், உங்கள் தொடர் வைப்புக் கணக்கைத் தொடவே வேண்டியதில்லை.

ஏற்கெனவே நிரம்பிய இரண்டு உண்டியல்களையும் நவம்பருக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே உடையுங்கள். பாதி நிரம்பிய மூன்றாவதை மட்டும் விட்டுவையுங்கள். எண்ணி, பைகளில் கட்டி, கிடைத்த தொகையைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். ஆதார் அட்டை, பான் அட்டை, இரண்டு புகைப்படங்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குச் சென்றால், இரண்டு கணக்குகளையும் ஒரே நாளில் தொடங்கிவிடலாம். பான் இல்லையென்றால் அதற்குரிய படிவத்தை அங்கேயே கேட்டு வாங்கி நிரப்புங்கள். மாதத்தின் 15ஆம் தேதிக்குள் தொடர் வைப்பைத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் தவணை கட்ட வேண்டும். 16க்குப் பிறகு தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலைநாள் வரை கட்டலாம். இலைப் பணம் உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வருகிறது என்பதைப் பார்த்துத் தொடங்கும் நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.